ஒட்டிவைத்த பொத்தான்

குளிரறையின் உள்சுவரில் இருக்கும் சிவப்புப் பொத்தானை வயர்மேன் கழற்றுகிறார். கதவு வெளியே பூட்டிக்கொண்டால், உள்ளே சிக்கியவர் அமுக்கி மணியடிக்க வேண்டிய பொத்தான் அது. பின்னால் ஒரு கம்பிகூட இல்லை, காய்ந்த பசைதான் இருக்கிறது. "அது சோதனைக்கு வர்றவங்க பாக்கறதுக்குப்பா. யாரு அமுக்கப் போறா?" என்கிறார் வாசலில் நிற்கும் மேலாளர். இறைச்சிப் பெட்டிகளை அடுக்கும் பெண் திரும்பாமலே சொல்கிறாள்: "போன வாரம் நான் அமுக்கினேண்ணே. அரை மணி நேரம். எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்கன்னு நெனச்சேன்." அவள் புருவத்தில் பனித்தூள் ஒட்டியிருக்கிறது. மேலாளர் கைபேசியைப் பார்க்கிறார். வயர்மேன் வெளியே வந்து, குளிர் எந்திரத்தின் மெயின் சுவிட்சை இறக்கி, பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. "யோவ், கறியெல்லாம் கெட்டுப்போகும்யா." "கறிக்கு மட்டும் எப்படிப் பதறுது பாருங்க சார். முதல்ல மணிக்குத் தனி லைன்ல ஒயர் இழுக்கறேன். அந்தம்மா அமுக்கி மணி அடிச்சப்புறம் பியூஸைத் தர்றேன்."