பச்சைப் பட்டை

காகிதத்தில் எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

‘புகாரைத் திரும்பப் பெறுகிறேன்.’ ஒரே வரி.

ஆடுகிற மேசைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர். இந்தப் பக்கம் நான், என் கணவர், என் மாமியார். நர்ஸ் முரண்டு பிடித்தால் வீட்டாரை வரவழைப்பது அவர் வைத்தியம். நாங்கள் பேசினால் திமிர், வீட்டார் பேசினால் நியாயம்.

வீங்கிய கன்னத்தை வேண்டுமென்றே அவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். நன்றாகப் பார்க்கட்டும்.

எங்கள் அவசரப் பிரிவில் வருகிறவர் கையில் பட்டை கட்டுவோம். உயிர் ஊசலாடினால் சிவப்பு. காத்திருக்கலாம் என்றால் பச்சை. மூன்று நாள் முன்பு வந்தவனுக்கு உள்ளங்கையில் கண்ணாடி கிழித்த காயம், ரத்தம்கூட நின்றிருந்தது. நான்தான் பச்சை கட்டினேன். முறைத்தான்.

அந்த நேரம் பார்த்து மூச்சு நின்ற லாரி டிரைவர் ஒருவரைத் தூக்கிவந்தார்கள். நெஞ்சில் கை வைத்து அழுத்தத் தொடங்கினேன். முப்பது வரை எண்ணி அழுத்த வேண்டும். நடுவில் கையை எடுக்கக் கூடாது.

“எனக்கே பச்சையா?” என்று பின்னாலிருந்து கத்தினான்.

பதினேழில் அறை விழுந்தது.

‘பதினெட்டு’ என்றேன்.

வாயெல்லாம் ரத்தம் கரித்தது. முப்பதும் எண்ணி முடித்தேன், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். டிரைவர் பிழைத்துவிட்டார். இப்போது வார்டில் உட்கார்ந்துகொண்டு கஞ்சியில் உப்பில்லை என்று சண்டை பிடிக்கிறாராம். பிடிக்கட்டும், மகராசன்.

“ஏதோ பதட்டத்துல கை நீட்டிட்டாரு. பெரியவங்க, நீங்கதான் எடுத்துச் சொல்லணும்” என்று கண்காணிப்பாளர் அத்தையிடம் குழைந்தார்.

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாக அவர் பார்ப்பது தரையைத்தான்.

அத்தையும் மூன்று நாளாக என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. குடும்ப மானத்தைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டேன் என்று சொந்தக்காரர்கள் போனில் பொரிந்து தள்ளியபோதும் வெறுமனே கேட்டுக்கொண்டார். வீட்டில் சோறுகூட மூன்று நாளும் குழைந்தே போயிருந்தது. என் மேல் உள்ள கோபத்தில் அடுப்பைக் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே விழுங்கினேன்.

லாக்கரில் இரண்டு செட் மாற்றுத்துணி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். இன்று வீடு போனாலும் போகட்டும். கையெழுத்து மட்டும் கிடையாது.

அத்தை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தை இழுத்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு அதை இரண்டாக மடித்தார், நான்காக, எட்டாக.

குனிந்து மேசைக்காலுக்கு அடியில் செருகினார்.

மேசையை ஒருமுறை தட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

“புகாருக்கு சாட்சி வேணுமில்ல? நான் அன்னிக்கு அங்கதான் நின்னேன். என் பேரை எழுதுங்க.”

அத்தை அங்கே நின்றதைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை, புகாரிலும் எழுதவில்லை. அவரை இதில் இழுக்க எனக்கு மனசு வரவில்லை. மெல்ல முடியாத வாய்க்காகத்தான் சோறு குழைந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது. மண்டு நான், மண்டு.

கண்காணிப்பாளர் மூலையில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா பதிவேட்டைப் பிரித்தார். பெயர் கேட்டு எழுதினார், வயது கேட்டு எழுதினார். அடித்த ஆளை முன்பே தெரியுமா என்று, தலை நிமிராமலே கேட்டார்.

என் கணவர் நிமிர்ந்தார். எழுந்துபோய் தன் அம்மாவின் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

அத்தையின் குரல் கொஞ்சம்கூடப் பிசிறவில்லை.

“தெரியாம என்ன? இவனுக்கு அடுத்து நான் பெத்த பிள்ளை. எழுதுங்க.”