அம்மி ஏறிய மேடு

ஈரமான மேட்டுப் பாதையில் எப்போதும் பின்சக்கரம் வழுக்கிச் சுழலும் மருதப்பனின் பழைய பந்தயக் கார், அன்றைக்குச் சிக்கெனப் பிடித்து ஏறிக் கோப்பையைத் தட்டிக்கொண்டு வந்தது.

"பின் டயர்ல காத்தைக் குறைச்சேன்லா, அதான்" என்று சிராங்கூன் ரோடு வீட்டுவாசலில் நண்பர்களிடம் அளந்துகொண்டே காரின் பின்பெட்டியைத் திறந்தவர் திகைத்தார். உள்ளே அம்மிக்கல்.

"மங்களம், கொத்தக் குடுக்க ஏத்தின அம்மியை இறக்க மறந்துட்டியா? நல்லவேளை. இந்தப் பாரம்தான் சக்கரத்தை அழுத்திப் பிடிச்சிருக்கு."

"அதைப் போன வாரமே கொத்தியாச்சுங்க" என்றாள் மனைவி. "நான் பின்னால உக்காந்து வந்தா காடி வழுக்குறதில்ல. பந்தயத்துல ஆள் ஏத்தக்கூடாதுன்னீங்க. அதான் எனக்குப் பதிலா அதை வச்சேன்."

கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, மருதப்பன் அம்மியை இறக்கினார்.