முதுகில் ஒரு கோடு

பெல்ட் நான்காவது முறை விழுந்தபோது தெசிரே தலையணையைக் கடித்துக்கொண்டான். சட்டையில்லாத முதுகு ஒருமுறை துள்ளி அடங்கியது.

"சத்தம் போட்டா கீழ இருக்கவங்களுக்குக் கேக்கும்," என்றான் ஒனேசிம். "வாயை மூடிட்டுக் கிட."

ஐந்தாவது அடி. ஆறாவது. தெசிரே சட்டென்று எழுந்து பெல்ட்டைப் பிடுங்கி எறிந்தான்.

"என்னண்ணே, ஈ ஓட்டுறியா? களி கிண்டுற கையாச்சேன்னு நம்பிக் கேட்டேன் பாரு."

"என்னால முடியல தம்பி. வேணாம், விட்டுரு."

"உனக்கென்ன, உன் கேஸ் முடிஞ்சு காகிதம் கைக்கு வந்தாச்சு. என்னைத் திருப்பி அனுப்பினா ஏர்போர்ட்லயே தூக்கிருவாங்க."

அமெரிக்காவின் போர்ட்லண்டில் அகதிகள் உதவி மையம் கொடுத்த அறை அது. புருண்டியிலிருந்து தப்பி வந்த இருவரும் எட்டு மாதமாக அதில் இருந்தார்கள். ஊரில் பள்ளி விடுதிச் சமையல்காரனாக இருந்ததாக ஒனேசிம் சொல்லியிருந்தான். அதே மாடியில் இருந்த மற்றவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போயிருந்தார்கள்.

தெசிரேயை ஊரில் கொட்டடியில் கண்ணைக் கட்டி ஆறு நாள் அடித்தார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. இங்கே அகதி மனுவை விசாரித்த அதிகாரி அதைத்தான் கேட்டார். அடித்தார்கள் என்கிறாயே, அடையாளம் எங்கே? மையத்து வக்கீலம்மா, உடம்பைப் பார்த்துச் சான்று எழுத டாக்டரிடம் நாள் வாங்கிக் கொடுத்திருந்தாள்.

"டாக்டர் பாக்க இன்னும் ஆறு வாரம். இன்னைக்குத் தோல் கிழிஞ்சாத்தான் அதுக்குள்ள ஆறித் தழும்பாகும்," என்றான் தெசிரே. "அங்க அடிச்சவன் கெட்டிக்காரன்ணே. வலியை உள்ள வெச்சுட்டு, தோலை மட்டும் திருப்பிக் குடுத்துட்டான்."

ஒனேசிம் கீழே கிடந்த பெல்ட்டை எடுத்துச் சுருட்டி வைத்தான். பிறகு குளியலறைக்குப் போனான். திரும்பி வந்தபோது கையில் பழைய மின் ஒயர் இருந்தது. அதன்மேல் ஈரத் துண்டு ஒன்றை நுனிவரை இறுக்கிச் சுற்றியிருந்தான்.

"துணி எதுக்கு?"

"ஒயர் கையை அறுக்கும். படு."

இந்த முறை அடி வேறு மாதிரி விழுந்தது. அவசரமில்லை. ஒரே இடம், ஒரே இடைவெளி. மூன்றாவதில் தெசிரேக்கு மூச்சு நின்றது. ஏழாவதில் வாந்தி எடுத்தான். எலும்புக்குள் கத்தியை விட்டுத் திருகுவதுபோல இருந்தது. கொட்டடியின் ஆறு நாளும் ஒரே நாளாகத் திரும்பி வந்தது. பன்னிரண்டில் கையைத் தூக்கிவிட்டான்.

"போதும்ணே. போதும்."

சதை பிய்ந்திருக்கும், ரத்தம் ஓடியிருக்கும் என்று நினைத்தான். வலியிலும் ஒரு நிம்மதி. கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து, கண்ணாடிக்கு முதுகைத் திருப்பினான்.

முதுகு லேசாகத் தடித்திருந்தது. அவ்வளவுதான். ஒரு கோடுகூட இல்லை.

"என்னண்ணே இது? உசுரே போச்சு. அடையாளத்தைக் காணோமே?"

ஒனேசிம் தரையில் உட்கார்ந்திருந்தான். மடியில் ஈரத் துண்டு சொட்டிக்கொண்டிருந்தது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அடையாளம் விழாம அடிக்கத்தான் எங்களுக்குக் கத்துக்குடுத்தாங்க, தம்பி."