தொட்டியோரத்துப் புதையல்

பெட்டியின் மேல் அண்ணனின் வலது கால் இருந்தது. பக்கத்திலேயே தம்பியின் இடது கால். யார் முதலில் காலை எடுக்கிறாரோ அவருக்குப் பெட்டி இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அரை மணி நேரமாக இப்படித்தான் நிற்கிறார்கள். குழி தோண்டிய கொத்தனார் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

துணிக்கொடிக்கு ஒரு கம்பம் நட வேண்டும் என்று தம்பியின் மனைவிதான் அவரைக் கூப்பிட்டிருந்தாள். ஒரு கம்பத்துக்கு எதற்கு இரண்டு மூட்டை சிமெண்ட் என்று தம்பி கேட்க வாயைத் திறந்தான். அதற்குள் கடப்பாரை டங்கென்றது. துருப்பிடித்த இரும்புப் பெட்டி. நல்ல கனம். பெரிய பூட்டு. அசைத்தால் உள்ளே கலகலவென்று சத்தம்.

"என் இடத்துல கிடைச்சது, என்னோடது" என்றார் அண்ணன்.

"உன் இடமா? எப்போலேருந்து?" என்றான் தம்பி.

அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பெட்டி கிடைத்தது செப்டிக் டேங்கை ஒட்டி. வீட்டைப் பாகம் பிரித்தபோது கதவு, ஜன்னல், மாடிப்படி என்று எல்லாவற்றையும் பிரித்தவர்கள், அந்தத் தொட்டியை மட்டும் நடுவில் விட்டுவிட்டார்கள். மூடி விரிசல் விட்டு மழைக்கு மழை பொங்கும். யார் கை வைத்தாலும் தொட்டி அவர் தலையில்தான் விடியும். அதனால் மூன்று வருஷமாக யாரும் கை வைக்கவில்லை. தொட்டி தம்பியுடையது என்று அண்ணன் நகராட்சிக்கு மனு எழுதினார். தம்பி விடுவானா? சங்கிலி பிடித்து அளந்து, அண்ணனுடையதுதான் என்று பதில் மனு போட்டான்.

போன மழையில் தம்பியின் மூன்று வயது மகள் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தொட்டி கசிந்து கிணற்றுத் தண்ணீரில் கலக்கிறது, முதலில் அதைச் சரி பண்ணுங்கள் என்றார் டாக்டர். எங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள், அது அவருடைய தொட்டி என்று பதில் சொல்லிவிட்டு வந்தவன் இவன். இப்போது அடுத்த மழைக்கு வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

தம்பி பெட்டி மேலிருந்து காலை எடுக்காமலே மனைவியிடம் மனு ஃபைலைக் கொண்டுவரச் சொன்னான். அண்ணனின் மனுவைச் சத்தமாகப் படித்தான்.

"'மேற்படி தொட்டியும் அதைச் சுற்றியுள்ள மண்ணும் என் தம்பிக்கே பாத்தியப்பட்டவை.' கையெழுத்து உன்னோடதுதானே? நீ எழுதினா அதுல ஒரு தப்பு இருக்காதுண்ணா."

"நாலு விரற்கடை என் பக்கம் வருதுன்னு அளந்து எழுதினது யாருடா? நீதானே? நீ அளந்தா சரியாத்தான் இருக்கும். சின்ன வயசுலேயே நீ கணக்குல புலி."

மூன்று வருஷமாக ஒருவரை ஒருவர் பொய்யன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், இப்போது மாற்றி மாற்றிப் பாராட்டிக்கொண்டார்கள்.

கொத்தனார் வாயைத் துடைத்துக்கொண்டார். "சத்தம் தெருவுக்குக் கேட்டா அதிகாரிங்க வந்து பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நீங்க வெறும் காலைத்தான் வெச்சுக்கிட்டு நிக்கணும்."

இருவர் குரலும் சட்டென்று இறங்கியது.

ஓரகத்திகள் இரண்டு பேரும் அதுவரை வாய் திறக்கவில்லை. பாகம் பிரித்த நாளிலிருந்து அவர்களுக்குள் பேச்சே கிடையாது. எதுவானாலும் ஜாடைதான். அண்ணி துடைப்பத்திடம் சொல்வாள். தம்பியின் மனைவி வாளியிடம் சொல்வாள்.

"நல்லதோ கெட்டதோ, பாதிப் பாதின்னு எழுதிக்கிட்டா யாருக்கும் வில்லங்கம் இல்ல. இல்லையா வாளி?" என்றாள் தம்பியின் மனைவி.

அண்ணி துடைப்பத்தைப் பார்த்தாள். "வாளி சொல்றதும் சரியாத்தான் படுது."

துடைப்பமும் வாளியும் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். சகோதரர்கள் யோசித்தார்கள். முழுசும் அரசாங்கத்துக்குப் போவதைவிடப் பாதி மேல்.

மகள் கிறுக்கும் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழிக்கப்பட்டது. தம்பியின் மனைவி மனப்பாடம் பண்ணியதுபோல் தங்குதடையில்லாமல் சொல்லச் சொல்ல, தம்பி எழுதினான். 'தொட்டி, அதைச் சுற்றியுள்ள மண், அதற்குள் இருப்பது, அதனால் வருவது, அதற்கு ஆகும் செலவு, எல்லாம் இருவருக்கும் சரிபாதி.'

"செலவு எதுக்கு?" என்றார் அண்ணன்.

"பெட்டியைத் தொறக்க ஆள் கூலி ஆகுமே மாமா" என்றாள் தம்பியின் மனைவி.

அதுவும் சரிதான் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கொத்தனார் சாட்சி. அவரே ஒன்று, இரண்டு, மூன்று சொல்ல, இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் கீழே இறங்கின.

அண்ணன் பூட்டை உடைக்கக் கடப்பாரையை ஓங்கினார்.

"இருங்க. நல்ல பூட்டை எதுக்கு உடைக்கணும்?"

அண்ணி இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தாள். ஒரு சாவியைப் பார்த்துப் பொறுக்கினாள். பூட்டு எண்ணெய் போட்டதுபோல் திறந்துகொண்டது.

பெட்டி நிறைய ஜல்லி. சத்தத்துக்கு நாலைந்து பழைய நட்டு, போல்ட்டு.

அண்ணன் ஜல்லியைப் பார்த்தார். தம்பி சாவியைப் பார்த்தான். கொத்தனார் யாரையும் பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்கி, ஜல்லியை சிமெண்ட் மூட்டைக்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, தொட்டி மூடிக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்தார்.

அண்ணி துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, ஓரகத்தியின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"பேப்பரை முதல்ல உள்ள கொண்டுபோய்ப் பத்திரமா வைம்மா. மழை வர்ற மாதிரி இருக்கு."