குடுத்து வச்சவங்க

“இந்தத் தேங்காயப் போட்டு ஓட்டிக் காட்டுவீங்களாம்மா?”

கேட்டுக்கொண்டே அந்தப் பெரியவர் பையிலிருந்து ஒரு சில்வர் டப்பாவை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். உள்ளே கீறிய தேங்காய்த் துண்டு, காய்ந்த செத்தல் மிளகாய், உரித்த சின்ன வெங்காயம். எல்லாம் நமுனுகுலயிலிருந்து பஸ் ஏறிப் பதுளைக்கு வந்திருக்கின்றன!

விசாலாட்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புருஷனோடு இந்தக் கரண்ட் சாமான் கடையில் நிற்கிறாள். டிவி வாங்க வருகிறவன் படம் தெரிகிறதா என்று பார்ப்பான். இஸ்திரிப் பெட்டி வாங்க வருகிறவன் சூடு பார்ப்பான். தேங்காய்ச் சம்பல் அரைக்கச் சாமானோடு வந்த ஆம்பிளையை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

“புது மெஷின்ல கறை பிடிச்சிரும். முடியாதுன்னு சொல்லு” என்று உள்ளேயிருந்து முணுமுணுத்தார் கணவர் தங்கராஜா.

“நீங்க சும்மா இருங்க” என்று அவரை அடக்கிவிட்டுப் பெரியவர் பக்கம் திரும்பினாள். “உங்க பேரு என்னங்கய்யா?”

“கணபதிங்க. தோட்டத்துல வேலை.”

கவுண்டரில் மூன்று ஃபூட் புரோசஸர் இருந்தன. “சின்னது போதுமேய்யா, வெலயும் கம்மி” என்றாள்.

“அது தேங்கா துருவும், மாவு பிசையாதாமே. காலையில பேர் பதியிற பெரட்டுக்குப் போறதுக்குள்ள ரொட்டி தட்டியாகணும்மா. மாவு பிசைஞ்சு பிசைஞ்சு மணிக்கட்டு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது.”

“அப்பப் பெரிசா எடுங்களேன்.”

“எங்க லயத்து வீட்டு வரிசைக்குக் கரண்ட் தாங்காது. போட்டேன்னா பக்கத்து வீட்டுக் காம்பராவுக்கும் சேத்து லைட் போயிரும்.”

விஷயம் தெரிந்த ஆள்தான் என்று நினைத்துக்கொண்டு, நடுவில் இருந்ததைப் பிளக்கில் மாட்டினாள். தேங்காய், மிளகாய், வெங்காயம் எல்லாவற்றையும் கொட்டி மூடியைத் திருகி ஓட்டினாள். மூச்சு விடுவதற்குள் சம்பல் தயார்.

கணபதி ஜாருக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

“இம்புட்டுத்தானா?” என்றார். “இம்புட்டுச் சுளுவா?”

பிறகு மூடியைத் தானே கழற்றிப் பார்த்தார். தானே மாட்டிப் பார்த்தார். “அசதியில தூங்கி வழிஞ்சிக்கிட்டே கழுவுனா இந்தப் பிளேடு கைய அறுத்துருமா?” என்று கேட்டார்.

“பாத்துக் கழுவுனா ஒண்ணும் ஆகாதுய்யா. ஏன், அம்மி கஷ்டமா இருக்குங்களா?”

“ஐயோ, அதயேன் கேக்குறீங்க! குனிஞ்சு அரைச்சிட்டு எந்திரிச்சா நடு முதுகு ஒடிஞ்ச மாதிரி இருக்கு. தேங்கா துருவுனா தோள்பட்டை கழண்டு போகுது. அதுக்கு மேல தேயிலை மலைக்கும் போயி நாள் பூரா நிக்கணும்னா, மனுச ஒடம்பு என்னத்துக்காகும்?”

விசாலாட்சி தன் முழங்கையைத் தடவிக்கொண்டாள். கடை நிறைய மிக்ஸி, கிரைண்டர். வீட்டில் அவளுக்கு அம்மி! கேட்கும்போதெல்லாம் தங்கராஜாவிடம் ஒரே பதில்தான். மெஷினில் அரைத்தால் சூடேறி ருசி கெட்டுவிடுமாம். ருசி அவருக்கு, வலி இவளுக்கு.

“கேட்டீங்களா?” என்று உள்ளே பார்த்துச் சத்தமாகவே கேட்டாள். “ஊருக்கெல்லாம் விக்கிறீங்க. என் முழங்கை வீங்கிக் கெடக்கே, என்னன்னு ஒரு நாள் கேட்டிருப்பீங்களா? இவரப் பாருங்க. பொண்டாட்டிக்கு எங்கெங்க வலிக்குதுன்னு ஒண்ணொண்ணாச் சொல்றாரு. மனுசன்னா இவருதான் மனுசன்!”

“யாவாரத்தப் பாரு விசாலம், வந்தவங்க முன்னாடி என்ன பேச்சு?” என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து வந்தார் தங்கராஜா. நடுத்தரத்தில் புதுசாக ஒன்றை இறக்கிப் பெட்டிக்குக் கயிறு கட்ட ஆரம்பித்தார்.

விசாலாட்சி சம்பலை வழித்து டப்பாவில் போட்டு மூடிக் கொடுத்தாள். கண் கலங்கியதை மறைக்கவில்லை.

“இதயும் கொண்டு போங்கய்யா. அம்மா ருசி பாக்கட்டும்.”

“எந்த அம்மா?”

“உங்க வீட்டம்மாதான். குடுத்து வச்சவங்க! அடுத்த தடவ பதுளைக்கு வர்றப்ப கூட்டிட்டு வாங்க, நான் அவங்களப் பாக்கணும்.”

கணபதி டப்பாவை வாங்கினார். பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“அவ செத்துப் போயி ஒரு மாசமாச்சும்மா.”

விசாலாட்சி கவுண்டரைச் சுற்றி அவர் பக்கம் வந்தாள்.

“லயத்துல எல்லாரும் வாங்குறாங்க, நாமளும் ஒண்ணு வாங்குவோமான்னு எத்தனயோ தடவ கேட்டா. ஒடம்பு வளையலயோன்னு ஏசுவேன். முதுகு வலிக்குதும்பா. எல்லாப் பொம்பளைக்கும் வலிக்கிறதுதானேன்னு திரும்பிப் படுத்துக்குவேன்.”

தங்கராஜா கயிற்றை முடிச்சுப் போடாமல் பிடித்தபடி நின்றார்.

கணபதி தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். காய்த்துப்போன கை.

“முப்பது வருசம் கத்தியெடுத்துத் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுன கைம்மா இது. ஒரு மாசம் அடுப்படியில நின்னுட்டு, என்னால முடியல. அதான் எனக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போறேன்.”