பஞ்சு கலையாத புட்டிகள்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐவர்: சோதனையை நடத்திய டாக்டர், பன்னிரண்டு வாரமும் எடை பார்த்த செவிலியர், புள்ளிவிவரம் பார்ப்பவர், நிறுவனத்தின் மேலாளர், முட்டைகோஸ் இலையிலிருந்து அந்த மாத்திரையை உருவாக்கிய பெண்மணி. ஒன்பது ஆண்டுகள் ஒரே காயோடு மல்லுக்கட்டியதால் அவரை எல்லோரும் கோஸம்மா என்றே அழைத்தனர். அவருக்கும் அதில் வருத்தமில்லை.

உடல் பருத்த அறுபது பேரிடம் நடந்த சோதனை. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை. பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்ற பட்டியல் முத்திரையிட்ட உறைக்குள் மேசைமேல் இருந்தது. நிஜ மாத்திரை தின்றவர்களுக்குக் கொழுப்பு கூடுதலாகக் கரைந்திருந்தால் அது கடைக்கு வரும். இல்லையென்றால் கோஸம்மாவின் ஆய்வுக்கூடத்தை மூடிவிடுவதாக மேலாளர் முன்பே சொல்லியிருந்தார். அங்கே அவரை நம்பி எட்டுப் பேர் வேலை செய்தார்கள்.

டாக்டர் உறையைக் கையில் எடுத்தார்.

"பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் டாக்டர்," என்றார் கோஸம்மா. "பதினேழாம் நம்பரைக் கணக்குல சேர்க்கக் கூடாது."

செவிலியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினேழாம் நம்பர் ஒரு பஸ் டிரைவர். அறுபது பேரில் அதிகம் இளைத்தவர் அவர்தான். கொழுப்பு மட்டும் ஏழு கிலோ.

டாக்டர் காரணம் கேட்டார்.

"நேத்து சாயங்காலம்தான் அவரோட மூணு புட்டியும், அடியில தங்கின ஒண்ணு ரெண்டு மாத்திரையோட, என் கைக்கு வந்துச்சு. தினமும் ரெண்டு மாத்திரை எடுக்கிறவங்க, புட்டி வாயில அடைச்சிருக்கிற பஞ்சை மொத நாளே தூக்கிப் போட்டுடுவாங்க. இவர் புட்டியில மூணுலயும் பஞ்சு கலையாம இருக்கு. ஒரே தடவையா மாத்திரையைக் கொட்டிட்டு, பஞ்சைத் திரும்ப அடைச்சிருக்கார்."

செவிலியர் விடவில்லை.

"மிச்ச மாத்திரை கெட்டுப்போச்சான்னு பார்க்க உங்க கூடத்துக்குத்தானே வருது? இவரோடதைப் பிளந்து பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சிஸ்டர். அது என் வேலை."

"அப்போ இவருக்குப் போனது இலையா, மாவான்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

எது என்று சொல்லிவிட வேண்டாம் என டாக்டர் கை உயர்த்தித் தடுத்தார்.

"அவங்க சொல்லவே வேணாம் டாக்டர்," என்றார் செவிலியர். "மாவைத் தின்னவரே ஏழு கிலோ இறங்கிட்டார்னா, இவங்க கோஸை எவன் வாங்குவான்? அதான் மனுஷனைக் கழட்டிவிடப் பார்க்கறாங்க."

மேலாளருக்கு மட்டும் முகம் மலர்ந்துவிட்டது. பஞ்சு என்பது அலட்சியப்படுத்தக்கூடிய பொருளல்ல என்று அவர் உருக்கமாகப் பேசத் தொடங்கினார். அதற்கு முன் அவர் பஞ்சைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தகவல் இல்லை.

முக்கால் பங்கு மாத்திரையாவது விழுங்காதவர்களைச் சேர்க்கக் கூடாது என்பது சோதனைக்கு முன்பே எழுதிவைத்த விதி. ஆகவே டாக்டர் யாருடனும் வாதிடவில்லை. டிரைவருக்கே போன் போட்டு, எல்லோர் காதிலும் விழும்படி மேசைமேல் வைத்தார்.

டிரைவர் இரண்டு முறை இருமினார். பிறகு ஒப்புக்கொண்டார்.

"தப்புதான் டாக்டர். ஒண்ணுகூட உள்ள இறங்கல. தொண்டையில போய்க் குறுக்கால உட்காந்துக்குது."

"அப்புறம் எப்படி இளைச்சீங்க?"

"எடை பார்க்கும்போது சிஸ்டர் ஒரு பார்வை பார்ப்பாங்களே, அந்தப் பயத்துல டிப்போவுக்கு நடந்தே போக ஆரம்பிச்சேன். என் வீட்டுக்காரியும் தட்டுல பாதியாக் குறைச்சிட்டா."

"பஞ்சை ஏன் திருப்பி வச்சீங்க?"

"திருப்பிக் கொடுக்கிற பொருள், நீட்டா இருக்கட்டுமேன்னுதான்."

டாக்டர் போனை வைத்துவிட்டு, பதினேழாம் எண்ணைச் சிவப்பு மையால் அடித்தார்.

"உண்மைகூட சில பேருக்குத் தோதாத்தான் வந்து விழுது," என்றார் செவிலியர், யாரையும் பார்க்காமல்.

உறை பிரிக்கப்பட்டது. புள்ளிவிவரக்காரர் பட்டியலைக் கணினியில் ஏற்றினார். கணக்கை ஒருமுறை போட்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுமுறையும் போட்டார்.

"தேறல டாக்டர். ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒண்ணுதான்." பிறகு தயங்கினார். "பதினேழு இருந்திருந்தா, மயிரிழையில தேறியிருக்கும்."

மேலாளருக்கு அது விளங்கவில்லை. மாவு தின்றவர் எடை குறைந்தால் மாத்திரைக்கு எப்படி லாபம் என்று கேட்டார்.

டாக்டர் பட்டியலில் விரலை ஓட்டிப் பதினேழில் நிறுத்தினார். பிறகு காகிதத்தைச் செவிலியர் பக்கம் திருப்பி வைத்தார். செவிலியர்தான் அதை வாய்விட்டுப் படித்தார். பாதியில் அவர் குரல் இறங்கியது.

"பதினேழு. நிஜ மாத்திரை."

மேலாளர் எழுந்துவிட்டார். பஞ்செல்லாம் ஒரு சாட்சியா, அடித்ததை அழித்தால் என்ன, வெளியே யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்.

கொழுப்பைக் குறைப்பதாக நிரூபணமாகவில்லை என்று டாக்டர் எழுதினார். அதன் கீழே ஐந்து கையெழுத்துகள் வேண்டும். முதல் கையெழுத்தைக் கோஸம்மா போட்டார். பேனாவை மூடிச் செவிலியரின் முன்னால் வைத்தார். பையை எடுத்துக்கொண்டு, எட்டுப் பேர் காத்திருந்த ஆய்வுக்கூடத்தை நோக்கி வெளியே நடந்தார்.