ஸம்ஸம் கான்

“தங்கச்சி, எங்கட உம்மா மக்காவுக்குப் போய் உம்றா செஞ்சு வந்து ஒரு கிழமையாகுது. உங்கட ப்ளேன்ல போட்ட ஸம்ஸம் தண்ணிக் கான் இன்னும் வந்து சேரல்ல. பார்க்க வாறவங்களுக்குக் கிணத்துத் தண்ணியையா குடுக்கிற?”

விமானக் கம்பனியின் கல்முனைக் கிளையில் தொலைபேசியை எடுத்த பஸ்லியா, “வருந்துகிறோம் சேர்” என்றாள். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

“நீங்க ஏன் வருந்துறீங்க? ஊருக்கெல்லாம் பதில் சொல்ல ஒரே ஒரு பொம்புளைய இருத்திவச்ச மனேஜர் வருந்தட்டும். அவரிட்டக் குடுங்க.”

இன்னும் ஆள் வேண்டுமென்று பஸ்லியா கேட்கும்போதெல்லாம், “பயணிகள் ஒருத்தரும் முறைப்பாடு வைக்கல்லயே” என்று சிரிக்கிற மனேஜர், ரிசீவரை வாங்கியதும் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றார். “ஓம் சேர்... வாற மாசமே ரெண்டு பேரை எடுக்கிறம் சேர்.”

மாலையில் வீட்டுக்கு வந்த பஸ்லியாவிடம், கணவன் மசூர் தொண்டையைத் தடவிக்கொண்டு இஞ்சித் தேத்தண்ணி கேட்டான்.

“நான் சொன்னதுக்காக மனேஜரிட்ட இவ்வளவு கத்துறதா?”

“கான் உம்மாட. கோபம் உன்ட. சத்தம் மட்டும்தானே என்ட?”

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

“மனேஜர் சொன்ன ரெண்டு பேரும் வரல்லயெண்டா, அடுத்த கோல் எங்கட கொழும்புக் கிளை அஸ்மியாட மாப்பிள்ளை எடுப்பார். அவருக்கு உங்களை விடப் பெரிய தொண்டை.”